அப்பாவின் வீடியோ கடைப் பெட்டிகள்: எதை வைத்துக்கொள்வது, எதை முதலில் பிரதி எடுப்பது?

நிலா_திருச்சி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் அப்பா 1986 முதல் 2004 வரை உறையூரில் ஒரு வீடியோ கடை நடத்தினார். கேசட்டுகளை வாடகைக்குக் கொடுக்கும் கடையாகத் தொடங்கியது பின்னர் விசிடி கடையாக மாறி, வீட்டுக்கு வீடு கேபிள் இணைப்பு வந்து வாடிக்கையாளர்கள் குறைந்தபோது மூடப்பட்டது. கடையை மூடிய பிறகும் அப்பா தமக்காகப் பழைய படங்களை வாங்கிச் சேர்ப்பதை நிறுத்தவில்லை. சென்ற ஆண்டு அவர் காலமானார். வீட்டை வரும் தை மாதத்துக்குள் காலி செய்து கொடுக்க வேண்டியிருப்பதால், பரணிலிருந்து மூன்று டிரங்குப் பெட்டிகளையும் நான்கு அட்டைப் பெட்டிகளையும் இறக்கி வைத்துக்கொண்டு, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் இதை எழுதுகிறேன்.

எண்ணிப் பார்த்ததில் 380 படங்களின் விசிடிகளும், நூற்றுக்குச் சற்று அதிகமான டிவிடிகளும், 114 விஎச்எஸ் கேசட்டுகளும் இருக்கின்றன. கேசட்டுகளில் 53 மட்டுமே அச்சிட்ட உறையுடன் கடையில் வாங்கியவை. மற்ற 61 கேசட்டுகளும் அப்பா தாமே பதிவு செய்து, பச்சை மையில் பெயர் எழுதி ஒட்டியவை. சிலவற்றில் படத்தின் பெயர்கூட இல்லை. 'ஞாயிறு மதியம் – 2' என்பது போன்ற குறிப்புதான் இருக்கிறது.

இடம் போதாது என்பதால் உறையுடன் இருப்பவற்றை வைத்துக்கொண்டு, கையால் எழுதிய கேசட்டுகளைப் பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போட்டுவிடலாம் என்று எண்ணியிருந்தேன். போடுவதற்கு முன் உங்களிடம் மூன்று செய்திகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

பல கேசட்டுகளின் கண்ணாடி வழியே பார்த்தால் நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பொடி படிந்திருக்கிறது. அவற்றைப் போட்டுப் பார்க்கலாமா? விசிடிகளைக் குழல்விளக்குக்கு நேரே பிடித்தால் சிலவற்றில் ஊசித்துளை போல வெளிச்சம் தெரிகிறது. அவை இனி ஓடுமா? கடைசியாக, அப்பாவுக்கு மிகவும் பிடித்த 1950களின் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று விசிடியிலும் இருக்கிறது, டிவிடியிலும் இருக்கிறது. விசிடியில் அது 2 மணி 44 நிமிடம் ஓடுகிறது. டிவிடியில் 2 மணி 37 நிமிடம்தான் ஓடுகிறது. டிவிடியில் ஏழு நிமிடத்தை வெட்டிவிட்டார்கள் என்று நினைத்து இரவெல்லாம் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஒரு காட்சிகூடக் குறையவில்லை. பாடுபவரின் குரல் மட்டும் டிவிடியில் சற்று மெலிந்து ஒலிப்பதாகத் தோன்றுகிறது. இது என் பிரமையா?

ரீல்பெட்டி

அம்மா, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: தயவுசெய்து உங்கள் திட்டத்தை அப்படியே தலைகீழாக மாற்றிக்கொள்ளுங்கள். அச்சிட்ட உறையுடன் இருக்கும் கேசட்டுகளில் பெரும்பாலானவை எம்.ஜி.ஆர்., சிவாஜி, ஜெமினி கணேசன் ஆகியோர் நடித்த புகழ்பெற்ற படங்களாகத்தான் இருக்கும். அவை விசிடியாக, டிவிடியாக, தொலைக்காட்சி ஒளிபரப்பாகப் பலமுறை வந்துவிட்டன. 2007 வாக்கில் மோசர் பேயர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்கத் தொடங்கியபோது அத்தகைய படங்கள் தெருமுனைக் கடை வரைக்கும் வந்து சேர்ந்தன. அந்த நிறுவனமே பின்னர் கலைக்கப்பட்டுவிட்டது என்றாலும், அது வெளியிட்ட வட்டுகள் எங்கும் நிறைந்திருக்கின்றன. உங்கள் அப்பா பச்சை மையில் எழுதியவைதாம் வேறெங்கும் இல்லாதவையாக இருக்க வாய்ப்புள்ளவை.

'ஞாயிறு மதியம்' என்ற குறிப்பைப் படித்தவுடன் எனக்கு மெய்சிலிர்த்தது. தேசிய விருது பெற்ற மாநில மொழிப் படங்களைத் தூர்தர்ஷன் ஞாயிறு பிற்பகல்களில் நாடு முழுவதற்கும் ஆங்கில வசன வரிகளுடன் ஒளிபரப்பி வந்த காலம் அது. திரையரங்கில் ஒரு வாரம்கூட ஓடாத படங்களையும், வீடியோ நிறுவனங்கள் 'விற்காது' என்று தொடாமல் விட்ட படங்களையும் என் தலைமுறையினர் அந்த நேரத்தில்தான் பார்த்தோம். விளம்பரம், இடையில் வரும் தடங்கலுக்கு வருந்துகிறோம் என்ற அட்டை, எல்லாவற்றோடும் அதைப் பதிவு செய்து வைத்தவர்களால்தான் சில படங்கள் இன்று பார்ப்பதற்காவது கிடைக்கின்றன. பெயரில்லாத கேசட்டை ஒருபோதும் வெற்றுக் கேசட் என்று எண்ணிவிடாதீர்கள்.

நம் மொழியின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' (1931) இன்று ஒரு பிரதிகூட இல்லாமல் போய்விட்டது. 1950களின் தொடக்கம் வரை பயன்பட்ட நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பற்றக்கூடியது. 2003 ஜனவரியில் புனேயில் ஏற்பட்ட தீ விபத்தில் அத்தகைய பழைய சுருள்கள் ஏராளமாக எரிந்துபோயின. தீயில் தப்பியவையும் முழுவதும் தப்பவில்லை. கறுப்பு வெள்ளைப் பிலிமில் உள்ள வெள்ளியைப் பிரித்தெடுப்பதற்காகவே பழைய பிரதிகளை எடைக்கு விற்ற வழக்கம் நம் நாட்டில் நெடுங்காலம் இருந்தது. எடைக்குப் போடுவது என்ற சொல்லை உங்கள் கேள்வியில் பார்த்தபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. குறையாகச் சொல்லவில்லை, வீட்டைக் காலி செய்யும் நெருக்கடியில் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

இனி உங்கள் ஏழு நிமிடம். அது பிரமையன்று; உங்கள் காது சரியாகவே கேட்டிருக்கிறது. திரையரங்கில் படம் நொடிக்கு 24 படச்சட்டங்கள் (பிரேம்கள்) என்ற வேகத்தில் ஓடும். நம் நாட்டுத் தொலைக்காட்சிக்கான பால் (PAL) முறைக்கு மாற்றும்போது அதை நொடிக்கு 25 சட்டங்களாக ஓட்டிப் பதிவு செய்வது வழக்கம். அதனால் படம் நூற்றுக்கு நான்கு பங்கு விரைவாக ஓடி முடிகிறது: 164 நிமிடப் படம் 157 நிமிடத்தில் முடிந்துவிடும். உங்கள் டிவிடியில் நடந்திருப்பது இதுவே. வேகம் கூடும்போது சுருதியும் கூடுகிறது. அரைக்கட்டைக்குச் சற்றுக் குறைவாக உயர்ந்துவிடும். இரண்டு கட்டையில் பாடியவர் ஏறத்தாழ இரண்டரைக் கட்டையில் பாடுவதாகக் கேட்கும். குரலின் கனமும் குறையும். எம்.கே. தியாகராஜ பாகவதரின் பாடலை எத்தனையோ ஆண்டுகள் உயர்ந்த சுருதியிலேயே வட்டில் கேட்டுப் பழகிவிட்டு, பிறகு ஒரு பிலிம் பிரதியில் கேட்டபோது எனக்கு வேறொருவர் பாடுவது போல இருந்தது. இசைத்தட்டை வைத்து இதைச் சரிபார்க்கலாமே என்று சிலர் சொல்வார்கள். அக்காலத்தில் படத்துக்கு ஒரு முறையும் இசைத்தட்டுக்கு ஒரு முறையும் தனித்தனியே பாடிய பாடல்கள் உண்டு என்பதால் அதை முழுதும் நம்ப இயலாது.

படம் உண்மையிலேயே முழுமையாக இருக்கிறதா என்று அறிய ஓர் எளிய கணக்கு இருக்கிறது. பழைய பத்திரிகைகளிலும் தணிக்கைச் சான்றிதழிலும் படத்தின் நீளத்தை அடிக்கணக்கில் குறித்திருப்பார்கள். 35 மி.மீ. பிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். ஆகவே 16,200 அடி என்றால் 180 நிமிடம். பால் வேகத்தில் ஓடும் வட்டாக இருந்தால் அதே படம் 173 நிமிடத்துக்குள் முடியும். இதற்கும் கீழே குறைந்தால் எங்கோ கத்தரி விழுந்திருக்கிறது என்று பொருள்.

அந்தக் கத்தரி எத்தகையது என்பதையும் திரையே காட்டிக்கொடுக்கும். ஒவ்வொரு ரீலும் முடியும் தறுவாயில் திரையின் வலது மேல் மூலையில் ஒரு வட்டப் பொட்டு கணநேரம் தோன்றி மறையும். ஏழெட்டு நொடி கழித்து இன்னொரு முறை தோன்றும். அடுத்த புரொஜெக்டரைத் தொடங்குமாறு ஆப்பரேட்டருக்கு இட்ட குறி அது. அந்தப் பொட்டுக்கு முன்னும் பின்னும் வசனம் அறுந்து படம் தாவினால், அது ஊர் ஊராக ஓடித் தேய்ந்த பிரதியின் இயல்பான இழப்பு. ரீலின் நடுவே, பொட்டு எதுவும் இல்லாத இடத்தில், ஒரு பாடலோ நகைச்சுவைப் பகுதியோ முழுதாக மறைந்திருந்தால் அது வேண்டுமென்றே வெட்டியது. எத்தனை பாடல்கள் இருந்தன என்பதற்கு அக்காலப் பாட்டுப் புத்தகத்தைப் பாருங்கள். 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று கதைச் சுருக்கத்தை முடிக்கும் அந்த மெல்லிய புத்தகங்கள் சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இருக்கின்றன. உங்கள் அப்பாவின் பெட்டிகளிலும் சில கிடைக்கக்கூடும். கிடைத்தால் கேசட்டுகளுக்கு இணையாக அவற்றையும் போற்றுங்கள்.

பதிவகம்_கோவை

சகோதரி, பெரியவர் படங்களைப் பற்றிச் சொல்லிவிட்டதால் நான் கேசட்டையும் வட்டையும் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அந்த வெள்ளைப் பொடி பூஞ்சணம். அதைப் போட்டுப் பார்க்கவே வேண்டாம். ஒரு கேசட்டின் பூஞ்சணம் விசிஆரின் (கேசட்டை ஓட்டும் கருவியின்) ஹெட்டில், அதாவது நாடாவைப் படிக்கும் முனையில், ஒட்டிக்கொண்டு, அடுத்துப் போடும் நல்ல கேசட்டுகளுக்கும் பரவும். ஈர நைப்பில் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் நாடா அறுந்தும் போகும். பூஞ்சணம் பிடித்தவற்றைத் தனிப் பெட்டியில் பிரித்து, சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் மூடி, நிற்கவைத்த நிலையில் வெயில் படாத இடத்தில் வையுங்கள். அவற்றைச் சுத்தம் செய்பவர்கள் கேசட்டின் ஐந்து திருகுகளைக் கழற்றி, நாடாவை மெல்லச் சுற்றிக்கொண்டே துடைப்பார்கள். பழக்கமில்லாமல் நீங்கள் முயல வேண்டாம். சுத்தமாக இருக்கும் கேசட்டுகளை முதலில் எடுத்து, ஒவ்வொன்றின் முதுகிலும் இடப்புறம் உள்ள சிறிய பிளாஸ்டிக் பல்லை உடைத்துவிடுங்கள். அந்தப் பல் இருக்கும்வரை கை தவறிப் பதிவுப் பொத்தானை அழுத்தினால் உள்ளே இருப்பது அழிந்துவிடும். பல்லை உடைத்த பின், ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பாக ஒரு முறை முன்னோக்கி முழுவதும் ஓட்டி, மறுபடி பின்னோக்கிச் சுற்றினால், இருபது முப்பது ஆண்டுகளாக இறுகிக் கிடந்த நாடா தளர்ந்து சீராகும்.

விசிஆர் கிடைப்பதுதான் இன்று பெரும்பாடு. உலகில் கடைசியாக அதைத் தயாரித்து வந்த ஜப்பானிய நிறுவனமான ஃபுனாய் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஆகவே ஓடும் நிலையில் இருக்கும் ஒவ்வொரு கருவியும் எண்ணி எடுத்த மணிகளைப் போன்றது. ஹெட் தேயும் முன் எந்தக் கேசட்டை ஓட்டுவது என்று வரிசைப்படுத்திக்கொண்டு தொடங்குங்கள். கையால் எழுதியவை முதலில் வரட்டும். எஸ்-வீடியோ இணைப்பு உள்ள கருவி கிடைத்தால் வண்ணம் கலங்காது. கணினியில் டிவி (DV) என்னும் டிஜிட்டல் வீடியோ வடிவில் பதிந்தால் மணிக்கு ஏறத்தாழ 13 ஜிபி பிடிக்கும். இடத்தை மிச்சப்படுத்துவதாக எண்ணித் தொடக்கத்திலேயே சுருக்கிவிடாதீர்கள். சுருக்குவது எப்போது வேண்டுமானாலும் செய்யக்கூடியது. கேசட்டை மறுபடி ஓட்டும் வாய்ப்பு வராமலே போகலாம்.

விசிடிக்கு வருகிறேன். ஊசித்துளை வெளிச்சம் என்பது மேல்புறத்து அலுமினியப் பூச்சு அரித்துப்போன இடம். அந்த இடத்தில் இருந்த படம் போனது போனதுதான். மீதி எல்லாம் இன்னும் இருக்கிறது. வட்டின் அடிப்பகுதியில் கீறல் விழுந்தால் ஓரளவு தேற்றலாம். பெயர் அச்சிட்ட மேல்புறத்தில் கீறல் விழுந்தால் தேற்ற முடியாது, ஏனெனில் தகவலைத் தாங்கும் பூச்சு அந்தப் பக்கத்தில்தான் மெல்லிய அரக்குக்கு அடியில் இருக்கிறது. அதனால் அதன்மேல் பந்துமுனைப் பேனாவால் எழுதுவதும் கேடு. துடைக்கும்போது பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள், வட்டமாகத் தேய்க்காதீர்கள்.

விசிடி ஏன் சின்னக் கீறலுக்கே தடுமாறுகிறது என்று பலரும் கேட்கிறார்கள். கணினிக்கான சிடியில் ஒவ்வொரு பகுதியிலும் 2,048 பைட் தகவலும், அது பழுதானால் சரிசெய்வதற்கான கூடுதல் தகவலும் இருக்கும். விசிடியில் அந்தப் பாதுகாப்புத் தகவலின் இடத்தையும் எடுத்துக்கொண்டு 2,324 பைட் படத்துக்கே கொடுத்துவிட்டார்கள். 80 நிமிடம் ஒரு வட்டில் அடங்குவதற்குச் செலுத்திய விலை அது. ஆகையால் உங்களிடம் உள்ளவற்றில் விசிடிகளை நாள்கடத்தாமல் பிரதி எடுங்கள். வட்டைத் திறந்து பெரிய டாட் (.DAT) கோப்பை மட்டும் இழுத்துப் போட்டாலும் விஎல்சி என்னும் வீடியோ மென்பொருளில் ஓடும். ஆனால் பழுதான பகுதி வந்தால் கணினி பாதியில் நின்றுவிடும். முழு வட்டையும் பின்-கியூ (BIN/CUE) படிமமாக, அதாவது வட்டின் அச்சு அசலான பிரதியாக, எடுப்பது நல்லது. ஒரு டிரைவில் படிக்க மறுக்கும் வட்டை இன்னொரு டிரைவ் படித்துவிடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். பழைய டிரைவ்களைத் தூக்கி எறியாமல் இரண்டு மூன்று வைத்திருங்கள். படத்துக்கு இரண்டு அல்லது மூன்று வட்டுகள் என்று கொண்டால் 380 படங்களும் 1 டிபிக்குள் அடங்கிவிடும். இரண்டு ஹார்டு டிஸ்க் வாங்கி, இரண்டிலும் ஒரே தொகுப்பை வைத்து, ஒன்றை வேறொரு வீட்டில் கொடுத்து வையுங்கள்.

டொராண்டோ_வாசன்

அக்கா, வணக்கம். நான் கனடாவில் வசிப்பவன். இங்கே எண்பதுகளின் இறுதியிலும் தொண்ணூறுகளிலும் எங்கள் ஈழத்து மக்களுக்குத் தமிழ்க் கடைகளின் பின்சுவரில் அடுக்கியிருந்த வீடியோ கேசட்டுகள்தாம் திரையரங்கு. ஊரிலிருந்து யாராவது கேசட் கொண்டுவந்தால் அது இங்குள்ள டெக்கில் ஓடாது. அங்கே பால் முறை, இங்கே என்டிஎஸ்சி முறை. கடைக்காரர்கள் அதை மாற்றிப் பதிந்து வாடகைக்குக் கொடுப்பார்கள்.

இதைச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. பெரியவர் சொன்ன வேகக் கணக்கைப் பார்க்கும்போது, வட்டு எந்த முறையில் இருக்கிறது என்பதை மட்டும் பார்த்து முடிவு செய்துவிடாதீர்கள். வெளிநாட்டுத் தமிழருக்காக வந்த டிவிடிகளில் பல என்டிஎஸ்சி முறையில் இருக்கும். ஆயினும் அவற்றுள் சில, ஏற்கெனவே பால் முறையில் விரைவாக ஓட்டிப் பதிந்த நாடாவிலிருந்து மாற்றியவை. முறை மாறினாலும் உயர்ந்த சுருதி அப்படியே தங்கிவிடும். காதுதான் சரியான நீதிபதி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'ராஜராஜ சோழன்' (1973) தொடங்கிச் சினிமாஸ்கோப்பில் வந்த படங்களைப் பழைய கேசட்டிலும் விசிடியிலும் சதுரத் திரைக்காக இருபுறமும் வெட்டியிருப்பார்கள். படச்சட்டத்தில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல் போய்விடும்; இருவர் பேசும் காட்சியில் ஒருவருடைய மூக்கு மட்டும் தெரியும். அத்தகைய படத்துக்கு முழு அகலத்தில் ஒரு டிவிடி இருந்தால் கேசட்டை விட்டுவிடலாம். லண்டன் ஐங்கரன் நிறுவனம் வெளியிட்ட டிவிடிகள் உங்கள் பெட்டியில் இருந்தால் பிரித்து வையுங்கள். அவற்றை விரும்பித் தேடுபவர்கள் இங்கே பலர் இருக்கிறார்கள். எழுபதுகளின் வண்ணப் படம் வட்டில் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் அது வட்டின் பழுதன்று. பிலிமில் நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளுத்துவிடுவதால் பிரதியே அந்த நிறத்துக்கு வந்துவிடுகிறது.

இலங்கையில் எடுத்த தமிழ்ப் படங்கள் ஏதேனும் உங்கள் அப்பாவின் சேகரிப்பில் இருந்தால் தயவுசெய்து இங்கே தெரிவியுங்கள். தர்மசேன பத்திராஜா யாழ்ப்பாணத்தில் எடுத்த 'பொன்மணி' (1977) போன்றவற்றின் நல்ல பிரதியை நாங்கள் பல ஆண்டுகளாகத் தேடி வருகிறோம்.

சட்டம்_தெரிந்தவன்

பிரதி எடுத்தபின் இணையத்தில் ஏற்றலாமா என்ற கேள்வி அடுத்து எழும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்தியச் சட்டப்படி திரைப்படத்துக்கான பதிப்புரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். 1964இல் வெளியான படத்துக்கு 2024 டிசம்பர் 31உடன் முடிந்தது. பாடல் வரிகளுக்கும் இசைக்கும் கணக்கு வேறு. அவற்றை ஆக்கியவர் மறைந்த ஆண்டைக் கொண்டு அது அமைகிறது. கண்ணதாசன் 1981இல் மறைந்தார் என்பதால் அவருடைய வரிகளுக்கு 2041 முடிய உரிமை உண்டு. ஆகவே உங்கள் தொகுப்பை இப்போதைக்கு உங்களிடமே வைத்துக்கொண்டு, பட்டியலை மட்டும் வெளியிடுங்கள். அரிய படம் ஏதேனும் இருப்பதாகத் தெரிந்தால் புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு எழுதிக் கேளுங்கள்.

நிலா_திருச்சி

எல்லோருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. உங்கள் பதில்களைப் படித்த அன்றே பழைய இரும்புக் கடைக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். 61 கேசட்டுகளில் 22இல் பூஞ்சணம் இருக்கிறது. அவற்றைப் பிரித்துத் தனியே வைத்துவிட்டேன். மற்ற 39இன் பற்களையும் நானும் என் தம்பியும் உட்கார்ந்து திருப்புளியால் உடைத்தோம். அவனுடைய நண்பர் வீட்டில் ஓடும் நிலையில் ஒரு விசிஆர் கிடைத்தது.

டிவிடியில் அந்தப் பாடலை ஓடவிட்டு, அம்மாவின் சுருதிப் பெட்டியை வைத்துப் பார்த்தேன். ரீல்பெட்டி ஐயா சொன்னது போலவே விசிடியைவிட அரைக்கட்டைக்குச் சற்றுக் குறைவாக உயர்ந்துதான் இருக்கிறது.

முதலில் ஓட்டியது 'ஞாயிறு மதியம் – 2'. தொடக்கத்தில் கொஞ்ச நேரம் கோடுகள் ஓடின. பிறகு படம் நடுவிலிருந்து தொடங்கியது. அப்பா பதிவுப் பொத்தானைத் தாமதமாக அழுத்தியிருக்க வேண்டும். பெயர் அட்டைகள் இல்லை. கீழே ஆங்கில வசன வரிகள் ஓடின. இளவயது லட்சுமியை அடையாளம் கண்டுகொண்டேன். கள்ளுக்கடையால் சீரழியும் ஒரு கிராமத்துக் குடும்பத்தின் கதை. பின்னணியில் பல இடங்களில் வீணை ஒலித்தது. 48 நிமிடம் ஓடியபின் மின்சாரம் போனது போலப் பதிவு நின்று, மறுபடி தொடங்கி, முடிவு வரைக்கும் இருக்கிறது. இது எந்தப் படம் என்று சொல்ல முடியுமா?

ரீல்பெட்டி

அம்மா, அது 'திக்கற்ற பார்வதி' (1974). ராஜாஜியின் கதை, சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கியது, வீணை சிட்டிபாபு இசை. அந்த ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது பெற்றது. மின்சாரம் போன இடத்தில் எவ்வளவு விடுபட்டிருக்கிறது என்று கண்டுபிடிக்கலாம்: நிற்பதற்கு முன் வரும் கடைசி வசனத்தையும், மறுபடி தொடங்கும்போது வரும் முதல் வசனத்தையும் எழுதி அனுப்புங்கள். 'ஞாயிறு மதியம் – 1' எங்கே இருக்கிறது என்றும் தேடிப் பாருங்கள்; அது பூஞ்சணம் பிடித்த 22இல் ஒன்றாக இருந்தால், கோவைத் தம்பியிடம் கேட்காமல் எந்தக் கருவியிலும் போட்டுவிடாதீர்கள்.